காலை உணவுக்குக் காய்கறி மஃபின்: முழுமையான வழிகாட்டி

காய்கறி மஃபின் செய்து தோற்றவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் தோற்கிறார்கள். மேலே பொன்னிறமாக உப்பி அழகாக இருக்கும். பிட்டுப் பார்த்தால் நடுப்பகுதி ஈரக் களியாகக் கையில் ஒட்டும். உடனே ஓவன் சரியில்லை என்றும் மாவு சரியில்லை என்றும் தோன்றிவிடும். காரணம் காய்கறிக்குள் இருக்கிறது. வெள்ளரிபோல் தோன்றும் சுக்கினிக் காயில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர். பசலைக்கீரையில் 91, கேரட்டில் 88. 250 கிராம் சுக்கினியைத் துருவி அப்படியே மாவில் சேர்த்தால், அளவில் எங்கும் எழுதப்படாத ஒரு கோப்பைத் தண்ணீரை மாவில் ஊற்றியதாகிவிடும்.

நானும் முதல் சில முறைகள் அப்படித்தான் செய்தேன். நடு வேகவில்லையே என்று நேரத்தைக் கூட்டினேன். ஓரம் கருகியது, நடு மாறவில்லை. துருவிய காயைத் துணியில் கட்டிப் பிழிந்த நாளில்தான் மஃபின் மஃபினாக வந்தது. அதனால் இந்த வழிகாட்டியில் காய்கறியைத் தயார் செய்யும் பகுதி மற்ற எல்லாவற்றையும் விட நீளமாக இருக்கும். அதை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

எது ஆரோக்கியம்?

கேரட் சேர்த்துவிட்டால் மட்டும் மஃபின் ஆரோக்கிய உணவாகிவிடாது. இனிப்பு மஃபினுக்கான வழக்கமான செய்முறைகளில் 12 மஃபினுக்கு 150 முதல் 200 கிராம் வரை சர்க்கரை போடுவார்கள். இரண்டு மஃபின் சாப்பிட்டாலே 25 கிராமைத் தொட்டுவிடும். சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாள் ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டுக்குள், அதாவது பெரியவர்களுக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள், இருந்தால் இன்னும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காலை உணவிலேயே அந்த அளவு முழுவதையும் செலவழிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. எனவே இங்கே தருவது சர்க்கரையே இல்லாத, உப்புச் சுவை மஃபின். இனிப்பாகவும் வேண்டும் என்பவர்களுக்கு ‘மாற்றங்கள்’ பகுதியில் ஒரு வழி இருக்கிறது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு நாளில் 400 கிராம் காய்கறியும் பழமும் சாப்பிடச் சொல்கிறது அதே நிறுவனம். இந்த மஃபின் இரண்டில், பிழிந்த எடையில், 40 கிராம் காய்கறி இருக்கும். ஆகவே இது காய்கறிக்கு மாற்று இல்லை. காய்கறியே இல்லாமல் தொடங்கும் ஒரு காலைப்பொழுதை மாற்றும், அவ்வளவுதான். முட்டை, தயிர், முழுக்கோதுமை, ஓட்ஸ் ஆகியவை சேர்வதால் பசி தாங்கும் என்பதே இதன் பெரிய பலம்.

அளவுகள்

12 நடுத்தர மஃபினுக்கான அளவு இது. முடிந்தவரை எடை போட்டே அளந்துகொள்ளுங்கள். கோப்பையில் மாவை அமுக்கி அளந்தால் ஒவ்வொரு முறையும் எடை மாறும்.

உலர் பொருட்கள்: முழுக்கோதுமை மாவு 200 கிராம், கொரகொரப்பாகப் பொடித்த ஓட்ஸ் 60 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டரைத் தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி.

ஈரப் பொருட்கள்: முட்டை 2, புளிப்பேறிய கெட்டித் தயிர் 200 கிராம், பால் 60 மில்லி, வாசனை குறைந்த சமையல் எண்ணெய் 60 மில்லி.

காய்கறி: தயார் செய்த பிறகு 250 கிராம். நான் பெரும்பாலும் எடுப்பது பிழிந்த சுக்கினி 100 கிராம், கேரட் துருவல் 70 கிராம், வேகவைத்துப் பிழிந்த பசலைக்கீரை 50 கிராம், நறுக்கிய வெங்காயத்தாள் 30 கிராம். இவற்றுடன் துருவிய சீஸ் 60 கிராம்.

எண்ணெய் அதிகம் என்று நினைத்து அதைக் கைவிட வேண்டாம். கேரட்டிலும் கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. கொழுப்பு உடன் இருந்தால்தான் உடல் அதை நன்றாக உறிஞ்சும். தவிர, எண்ணெய் இல்லாத மஃபின் ஆறியதும் ரப்பர்போல இழுபடும்.

முதல் படி: காய்கறியைத் தயார் செய்தல்

ஒவ்வொரு காய்க்கும் தண்ணீரைப் போக்கும் வழி வேறு. சுக்கினியை விதையோடு துருவி, எடுத்து வைத்த உப்பிலிருந்து கால் தேக்கரண்டியைத் தூவிப் பிசறி 10 நிமிடம் விட்டுவிடுங்கள். உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும். பிறகு பருத்தித் துணியில் வைத்துக் கட்டி, முறுக்கிப் பிழியுங்கள். சொட்டுவது நின்ற பிறகு துணியைத் திறந்து, காயைக் கிளறிவிட்டு, இன்னொரு முறை பிழியுங்கள். இரண்டாவது பிழிதலிலும் கணிசமான தண்ணீர் வருவதைப் பார்ப்பீர்கள். 100 கிராம் துருவல் மிஞ்ச வேண்டுமானால் தொடக்கத்தில் 170 கிராமாவது எடுக்க வேண்டியிருக்கும். பிழிந்த தண்ணீரைக் கொட்ட மனமில்லை என்றால் பாலில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சேர்க்கலாம். அதில் உப்பு இருப்பதால் மாவில் போடும் உப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

பசலைக்கீரையைக் கொதிக்கும் தண்ணீரில் ஒரே நிமிடம் போட்டெடுத்து, குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி, உருண்டையாக்கிப் பிழிந்து, பிறகு பொடியாக நறுக்குங்கள். நறுக்கிய பின் பிழிந்தால் கீரையில் பாதி துணியோடு போய்விடும். புரோக்கோலியைச் சுண்டுவிரல் நுனி அளவுக்கு உதிர்த்து அதேபோல் ஒரு நிமிடம் வேகவைத்து, துணியில் பரப்பி உலரவிடுங்கள்.

குடைமிளகாயும் வெங்காயமும் காளானும் வாணலிக்குப் போக வேண்டியவை. சிறிது எண்ணெயில், மூடாமல், தண்ணீர் வற்றி ஓரம் லேசாகச் சிவக்கும்வரை வதக்குங்கள். காளானுக்கு மட்டும் பொறுமை வேண்டும். முதலில் தண்ணீர் விட்டு வாணலியே குளமாகும். அது முழுவதும் வற்றிய பிறகுதான் காளானுக்குச் சுவை வரும். பூசணியையும் சர்க்கரைவள்ளிக்கிழங்கையும் துண்டுகளாக்கி ஓவனில் சுட்டு மசிப்பது நல்லது. தண்ணீரில் வேகவைத்தால் அவை இன்னும் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். கேரட்டை மட்டும் பிழியத் தேவையில்லை. துருவி அப்படியே சேர்க்கலாம். அது சற்று ஈரம் காப்பது மஃபினுக்கு நல்லதும்கூட.

எந்தக் காயானாலும் முழுக்க ஆறிய பிறகே மாவில் சேர வேண்டும். சூடாகச் சேர்த்தால் சீஸ் உருகும், முட்டை திரியும், பேக்கிங் பவுடர் ஓவனுக்குப் போகும் முன்பே வேலையை முடித்துவிடும்.

துருவலின் அளவும் பேசும். மெல்லிய துருவல் மாவோடு கரைந்துவிடும். காய்கறி என்றாலே முகம் திருப்பும் குழந்தைகளுக்கு அது பொருந்தும். பெரிய துளையில் துருவினால் இழை இழையாகத் தெரியும், கடிக்கவும் சுவையாக இருக்கும். நான் பெரிய துருவல் பக்கம்தான். காய்கறி இருப்பது தெரியட்டும்.

நிறம் மாறுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சோடா கூடிப்போனால் கேரட் இழைகள் பச்சையாக மாறும். கேரட்டில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் காரத்தன்மையில் அப்படி நிறம் மாறுகிறது. மாவில் அரைத்த சூரியகாந்தி விதை சேர்த்தாலும் இதேதான் நடக்கும். சாப்பிட எந்தத் தடையும் இல்லை. பீட்ரூட்டின் சிவப்பு சூட்டில் மங்கிப் பழுப்பாகும். தயிரின் புளிப்பு அதை ஓரளவு காப்பாற்றும். ஊதா முட்டைக்கோஸ் காரத்தில் நீலமும் பச்சையுமாக மாறிவிடுகிறது. அதை மஃபினில் சேர்க்க எனக்கு மனம் வருவதில்லை.

இரண்டாம் படி: ஓவனும் தட்டும்

மாவைத் தொடும் முன்பே ஓவனை 200 டிகிரி செல்சியஸில் ஏற்றிவிடுங்கள். விசிறியுள்ள ஓவன் என்றால் 180 போதும். விளக்கு அணைந்ததும் சூடேறிவிட்டது என்று நினைக்காமல் இன்னும் 10 நிமிடம் விடுங்கள். உள்சுவர்களும் சூடாக வேண்டும்.

உப்புச் சுவை மஃபினுக்குக் காகிதக் கிண்ணம் வேண்டாம் என்பது என் கருத்து. சர்க்கரையும் கொழுப்பும் குறைந்த மாவு காகிதத்தில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிரித்தெடுக்கும்போது மஃபினின் கால்பங்கு காகிதத்தோடு போகும். தட்டின் குழிகளில் எண்ணெயை நன்றாகத் தடவினால் ஓரம் மொறுமொறுப்பாகவும் வரும். மேல் விளிம்புகளிலும் தடவ மறக்காதீர்கள்.

மூன்றாம் படி: உலர் கலவை

மாவு, ஓட்ஸ், பேக்கிங் பவுடர், சோடா, மீதி உப்பு, மிளகுத்தூள் எல்லாவற்றையும் அகலமான பாத்திரத்தில் போட்டு அரை நிமிடமாவது நன்றாகக் கலக்குங்கள். ஓரிடத்தில் சோடா தங்கிவிட்டால் அந்த வாய்க்கு மட்டும் சோப்புச் சுவை வரும்.

ஈஸ்ட் இல்லாமல் மாவை உப்பவைக்கும் பேக்கிங் பவுடரை 1843-ல் உருவாக்கியவர் ஆல்பிரட் பேர்ட் என்ற ஆங்கிலேய வேதியியலாளர். அவருடைய மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. ஒருவருக்காகச் செய்த அந்தப் பொடிதான் இன்று இரவெல்லாம் புளிக்கவிடாமல் அரை மணி நேரத்தில் நமக்கு மஃபினைத் தருகிறது. ஆனால் டப்பா பழையதானால் அது செயலிழக்கும். அரைத் தேக்கரண்டியைச் சூடான தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பொங்கி நுரைக்கவில்லை என்றால் புதிதாக வாங்குங்கள்.

ஆறிய காய்கறியையும் சீஸையும் இந்த உலர் மாவிலேயே போட்டு விரல்களால் உதிர்த்துப் பிசறுங்கள். பிழிந்த கீரையும் சுக்கினியும் கட்டி கட்டியாக இருக்கும். இங்கே உதிர்த்தால்தான் எல்லா மஃபினுக்கும் சமமாகப் போகும். மாவு பூசிய காய் அடியில் போய்ப் படியாது. மேலும், ஈரம் சேர்ந்த பின் கிளற வேண்டிய வேலை பாதியாகக் குறையும்.

நான்காம் படி: ஈரக் கலவை

முட்டை, தயிர், பால், எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே சீராக அடியுங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே பயன்படுத்தாமல் அரை மணி வெளியே வைத்திருங்கள். வேறு நுணுக்கம் எதுவும் இதில் இல்லை.

ஐந்தாம் படி: இரண்டையும் சேர்த்தல்

உலர் கலவையின் நடுவில் குழி செய்து ஈரக் கலவை முழுவதையும் ஒரே தடவையில் ஊற்றுங்கள். அகலமான கரண்டியால் அடியிலிருந்து எடுத்து மேலே மடித்து மடித்துக் கலக்குங்கள். 12 முதல் 15 மடிப்பு போதும். வறண்ட மாவு கண்ணுக்குத் தெரியாமல் போன நொடியில் நிறுத்திவிட வேண்டும். கட்டி கட்டியாகத்தான் இருக்கும், இருக்கட்டும். வழவழப்பாக்க வேண்டும் என்ற ஆசைதான் இங்கே எதிரி. தண்ணீர் பட்ட கோதுமை மாவைக் கிளறக் கிளற அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம் வலுக்கும். அப்படி வலுத்த மாவில் காற்று வெளியேற வழி தேடிக் குடைந்துகொண்டு போகும். வெந்த மஃபினை நெடுக்காக வெட்டினால் நீளநீளமான சுரங்கங்கள் தெரிவது அதனால்தான்.

கலந்ததும் 10 முதல் 15 நிமிடம் அப்படியே விடுங்கள். முழுக்கோதுமையின் தவிடும் ஓட்ஸும் தண்ணீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் தின்னும்போது தூள் நறநறக்கும். இன்று கிடைக்கும் பேக்கிங் பவுடர்களில் பெரும்பாலானவை ஈரத்தில் ஒரு முறையும் சூட்டில் ஒரு முறையும் வேலை செய்பவை என்பதால் இந்தக் காத்திருப்பு உப்பலைக் கெடுக்காது.

இப்போது பதம் பாருங்கள். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் மாவு ஒழுகக் கூடாது. ஒரு நொடி தயங்கி, கட்டியாக விழ வேண்டும். விழவே மறுத்தால் ஒரு மேசைக்கரண்டி பால் சேர்த்து இரண்டு மடிப்பு. ஒழுகினால் காயில் தண்ணீர் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். இரண்டு மேசைக்கரண்டி ஓட்ஸ் தூவி இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள்.

ஆறாம் படி: நிரப்பி வேகவைத்தல்

ஒவ்வொரு குழியிலும் முக்கால் பங்குக்குச் சற்று மேல்வரை நிரப்புங்கள். ஒவ்வொன்றும் 80 கிராம் அளவில் வரும். ஐஸ்கிரீம் கரண்டியால் போட்டால் சமமாக விழும், மேல் பகுதியும் உருண்டையாக நிற்கும். மேலே பூசணி விதையோ கொஞ்சம் சீஸோ தூவலாம். மறுபடி கிளறாமல் தட்டை ஓவனின் நடு அடுக்கில் வையுங்கள்.

முதல் 7 நிமிடம் 200 டிகிரியில் வேகட்டும். பிறகு கதவைத் திறக்காமல் 180 டிகிரிக்குக் குறைத்து இன்னும் 14 முதல் 17 நிமிடம். விசிறி ஓவனில் இரண்டு அளவையும் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்து அதிகச் சூட்டில் ஓரங்கள் முதலில் இறுகும். நடுவிலிருக்கும் மாவு வேறு வழியின்றி மேலே எழும்பிக் குவிமாடமாகும். முதல் 15 நிமிடத்துக்குள் கதவைத் திறந்தால் அந்தக் குவிமாடம் அமுங்கிப்போகும்.

வெந்துவிட்டதா என்று அறியக் குச்சியை மட்டும் நம்பாதீர்கள். அது சீஸில் குத்தினால் பிசுபிசுப்பாகவும் காயில் குத்தினால் ஈரமாகவும் வரும். இரண்டு மூன்று இடங்களில் குத்துங்கள். பச்சை மாவு ஒட்டாமல் வந்தால் சரி. மேல் பகுதியை விரலால் அழுத்தினால் குழியாமல் திரும்பி எழ வேண்டும். சமையல் வெப்பமானி இருந்தால் குழப்பமே இல்லை: நடுவில் 96 முதல் 98 டிகிரி காட்டினால் எடுத்துவிடலாம்.

தட்டிலேயே 5 நிமிடம், பிறகு கம்பித் தட்டில். அதற்கு மேல் குழியில் விட்டால் ஆவி வெளியேற வழியின்றி அடிப்பகுதி நனைந்துவிடும். சூடாகப் பிட்டுத் தின்ன ஆசை வரும். 15 நிமிடம் பொறுங்கள். அதற்குள் மாவுச்சத்து இறுகிவிடும். பொறுக்காமல் பிட்டால் நன்றாக வெந்த மஃபினும் களிபோலத்தான் தெரியும்.

கெட்டுப்போனால் எங்கே தேடுவது?

நடுவில் களியாக இருந்தால் காய் பிழியப்படவில்லை. இதை விட அதிகமாக நான் பார்த்த தவறு இல்லை. மேல் தட்டையாகவே இருந்தால் பேக்கிங் பவுடர் பழையது, அல்லது ஓவன் சூடேறவில்லை. மஃபின் இறுகி, மேல் பகுதி கூம்பாக நின்றால் அதிகம் கிளறிவிட்டீர்கள். உப்பி வந்து ஆறும்போது சுருங்கினால் மூன்று நான்கு நிமிடம் முன்பே எடுத்திருக்கிறீர்கள். வாயில் கசப்பும் சோப்புச் சுவையும் வந்தால் சோடா கூடிவிட்டது. கால் தேக்கரண்டி என்பது தலைதட்டிய அளவு, குவித்த அளவு அல்ல.

மாற்றங்கள்

முட்டை வேண்டாம் என்றால் ஒரு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்துச் சேர்க்கலாம். உப்பல் குறையும், அடர்த்தி கூடும், மூன்று நிமிடம் அதிகம் வேக வேண்டும். முட்டையோடு செய்ததைப் போல இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் நன்றாகவே இருக்கும். குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்கள் மாவை மட்டும் மாற்றினால் போதாது. ஓட்ஸும் குளூட்டன் கலக்காதது என்று பொட்டலத்தில் குறிப்பிட்டதாக இருக்க வேண்டும். அந்த மாவுகளுக்குப் பிணைப்பு குறைவு என்பதால் முட்டையை விடாதீர்கள்.

இனிப்பாக வேண்டுமானால் கேரட் அல்லது சுட்டு மசித்த பூசணி 200 கிராம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சீஸ், மிளகு, வெங்காயத்தாள், கீரை எல்லாவற்றையும் நீக்கி, உப்பைக் கால் தேக்கரண்டியாக்குங்கள். தயிரைப் பாதியாகக் குறைத்து, நன்கு கனிந்த வாழைப்பழம் 120 கிராம் மசித்து, 40 கிராம் சர்க்கரையும் ஒரு தேக்கரண்டி பட்டைத்தூளும் சேருங்கள். ஒரு மஃபினுக்குச் சேர்த்த சர்க்கரை மூன்றரைக் கிராமுக்குள் அடங்கும். சர்க்கரைக்குப் பதில் தேன் சேர்ப்பவர்கள் ஒரு வயது நிறையாத குழந்தைக்கு அந்த மஃபினைக் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய, பாட்டுலிசம் என்ற கடும் நச்சு நோயை உண்டாக்கும் நுண்வித்துகள் ஓவன் சூட்டிலும் அழிவதில்லை.

வைத்திருந்து சாப்பிட

காய்கறியும் சீஸும் உள்ளதால் இதை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். முழுக்க ஆறிய பிறகு, அடியில் ஒரு காகிதத் துண்டு விரித்த டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் வரும். ஆனால் குளிர்பெட்டியின் வெப்பநிலையில்தான் மாவுச்சத்து மிக விரைவாக இறுகும். அடுத்த நாள் கெட்டியாகத் தெரிவது அதனால்தான், பழுதானதால் அல்ல. 170 டிகிரி ஓவனில் 8 நிமிடம் வைத்தால் பழைய மென்மை திரும்பும், ஓரமும் மொறுமொறுக்கும். மைக்ரோவேவில் 30 நொடியைத் தாண்டினால் ரப்பராகிவிடும்.

அதிக நாள் வேண்டுமானால் உறைநிலைப் பெட்டியே சிறந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி, காற்று நீக்கிய பையில் போட்டால் இரண்டு மாதம் சுவை குறையாமல் இருக்கும். அப்படியே எடுத்து 170 டிகிரியில் 15 நிமிடம் சுட்டால் போதும்.

காலையில் புதிதாகவே சுட விரும்புகிறவர்கள் முந்தின இரவே காயைப் பிழிந்து ஒரு டப்பாவிலும், ஈரக் கலவையை இன்னொரு டப்பாவிலும் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம்; உலர் கலவை மேசையிலேயே இருக்கட்டும். மூன்றையும் இரவே ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். எழுந்ததும் ஓவனைப் போட்டுவிட்டு, இரு டப்பாக்களையும் வெளியே எடுத்து வையுங்கள். ஓவன் சூடேறும் நேரத்தில் மாவு கலந்து ஊறியும்விடும். காயை மறுபடி பிழிய மட்டும் மறக்காதீர்கள். இரவு முழுக்க டப்பாவில் இருந்த சுக்கினி இன்னும் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டிருக்கும்.